பத்துக்கு ஏழு என்று யார் சொன்னது?

குழு: பள்ளத்தூர் வளவு

லெட்சுமணன், காலை 6:12
பெரிய அண்ணனின் புராஸ்டேட் புற்று ரிப்போர்ட் வந்துவிட்டதாம். பத்துக்கு ஏழு என்றும் மூன்றாவது ஸ்டேஜ் என்றும் கோட்டையூரில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?

உமையாள், 6:15
பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரே.

சொக்கலிங்கம் ஈப்போ, 6:21
ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. 94-இல் நம்மைப் பெற்ற அப்பச்சி படுக்கையில் விழுந்த செய்தியும் எனக்குக் கடைசியில்தான் வந்தது.

மெய்யப்பன், 6:30
சின்னப்பச்சி, யாரையும் கலங்க வைக்க வேண்டாம் என்று அப்பச்சி சொன்னார்கள். உங்களிடமாவது நான் சொல்லியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் இருப்பது: கிளீசன் 4+3=7, கிரேடு குரூப் 3, பி.டி. 2. வள்ளி, நீ விளக்கமாகச் சொல்.

லெட்சுமணன், 6:31
அண்ணனும் இந்தக் குழுவில் இருக்கிறார்களே?

மெய்யப்பன், 6:31
அப்பச்சியின் போன் என்னிடம் இருக்கிறது.

வள்ளியம்மை மதுரை, 6:58
ஏழு என்றால் புற்று எழுபது பங்கு பரவிவிட்டது என்று பொருள் இல்லை. 1966-இல் டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை இது. புராஸ்டேட் சுரப்பியை மெல்லிய சீவல்களாக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, செல்கள் எந்த அளவுக்கு ஒழுங்கு குலைந்து நிற்கின்றன என்பதற்கு 3, 4, 5 என்று எண் கொடுக்கிறோம். அதிகமாகக் காணப்படும் வகையின் எண்ணை முதலிலும் அடுத்ததைப் பிறகும் எழுதிக் கூட்டுகிறோம். ஆகவே இப்போதைய வழக்கத்தில் 6 என்பதே மிகக் குறைந்த கூட்டுத்தொகை. 3+4, 4+3 இரண்டையும் கூட்டினால் 7 வந்தாலும், முரட்டு வகையான 4 மிகுந்திருக்கும் இரண்டாவதுதான் கடினமானது. இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்றுதான் 2014-இல் சிகாகோவில் கூடிய நிபுணர்கள் 1 முதல் 5 வரை குரூப்பாகப் பிரித்தார்கள். பெரிய அம்மானுக்கு வந்திருப்பது குரூப் 3. அதைத்தான் யாரோ ஸ்டேஜ் 3 என்று கேட்டிருக்கிறார்கள். கிரேடு என்பது செல்லின் குணம். ஸ்டேஜ் என்பது அது போன தூரம். பி.டி. 2 என்றால் சுரப்பிக்குள்ளேயே நின்றிருக்கிறது. விந்துப்பையிலும் எடுத்த நிணநீர்க் கணுக்களிலும் ஒன்றும் இல்லை.

உமையாள், 7:03
பிழைத்துக்கொள்வார்களா, அதை மட்டும் சொல் ஆத்தா.

லெட்சுமணன், 7:04
முதலில் ஊசி போட்டு எடுத்தபோது 3+4 என்றுதானே கொடுத்தார்கள்? அந்த லேப்பைச் சும்மா விடக் கூடாது.

வள்ளியம்மை மதுரை, 7:25
லேப்பின் பிழை இல்லை, அம்மான். ஊசியில் வருவது நூல் போன்ற சில துணுக்குகள். இப்போது முழுச் சுரப்பியையும் பார்த்திருக்கிறார்கள். எண் இப்படி ஏறுவது அடிக்கடி நடப்பதுதான்.
ஆத்தா, உங்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். ஆபரேஷன் செய்துகொண்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2016-இல் வெளியான கணக்கில், ஐந்தாண்டு வரை பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் செல்கள் ரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு) மீண்டும் ஏறாமல் இருந்தவர்கள் குரூப் 1-இல் நூற்றுக்கு 96, 2-இல் 88, 3-இல் 63, 4-இல் 48, 5-இல் 26. ஆனால் பி.எஸ்.ஏ. ஏறுவதும் உயிர் போவதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி ஏறியவர்களுக்கும்கூட, உடனே வேறு சிகிச்சை தராத நிலையில், நோய் வேறிடத்தில் தெரிய நடுவாக 8 ஆண்டுகள் ஆகியிருந்தன.
ரிப்போர்ட்டில் என்னை உறுத்துவது ஒன்றுதான். சுரப்பியின் கீழ் நுனியில், வெட்டிய ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் செல்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதனால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறதே தவிர, திரும்பியே தீரும் என்பது இல்லை.

சொக்கலிங்கம் ஈப்போ, 7:31
அப்படியானால் உடனே கரண்டு வைக்க வேண்டியதுதானே? இன்னும் எதற்குக் காத்திருக்கிறீர்கள்?

வள்ளியம்மை மதுரை, 7:40
2020-இல் வெளியான ராடிகல்ஸ் ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ந்தது. உடனே கதிர்வீச்சு கொடுத்தவர்களைவிட, பி.எஸ்.ஏ.யைக் கண்காணித்து ஏறத் தொடங்கியதும் கொடுத்தவர்கள் பின்தங்கவில்லை; அவர்களுக்குச் சிறுநீர்த் தொந்தரவும் குறைவாக இருந்தது. ஆறு வாரம் முடிந்ததும் ரத்தம் எடுப்போம். சுரப்பியே இல்லாததால் பி.எஸ்.ஏ. கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். பின்னாளில் 0.2 தொட்டு, மறுபரிசோதனையிலும் அப்படியே இருந்தால்தான் திரும்பிவிட்டது என்று கொள்வார்கள். பிள்ளையார் நோன்புக்குள் முதல் முடிவு தெரிந்துவிடும்.

லெட்சுமணன், 7:44
அண்ணனின் எழுபது வயதுப் பீமரத சாந்திக்குச் சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே. திருக்கடையூரா, வீட்டிலேயா?

மெய்யப்பன், 7:46
சிறுநீர் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. தொடர்ந்து ஒரு மணி நேரம் மணையில் உட்கார அப்பச்சியால் முடியாது.

உமையாள், 7:47
வீட்டிலேயே வைப்போம்.

லெட்சுமணன், 7:47
முகப்பு ஓடுகளை முதலில் மாற்ற வேண்டும். யார் பங்கு எவ்வளவு என்று இன்னும் முடிவாகவில்லை.

வள்ளியம்மை மதுரை, 7:55
அதைப் பிறகு பேசலாம், அம்மான். உங்கள் அப்பச்சியான ஐயாவுக்கும் இதே நோய்தான். தகப்பனுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. நீங்களும் ஈப்போ அம்மானும் இந்த வாரமே பி.எஸ்.ஏ. பார்த்துவிடுங்கள். மெய்யப்பன் அயித்தானும் பார்க்க வேண்டும்.

சொக்கலிங்கம் ஈப்போ, 7:58
எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

அண்ணாமலை, 8:20
போனை வாங்கி எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சொக்கு, அப்பச்சிக்கும் ஒரு தொந்தரவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். வெறும் முதுகுவலி என்று ஒரு வருடம் இந்தக் கையால் தைலம் தேய்த்தேன். படம் எடுத்தபோது எலும்பெல்லாம் பரவியிருந்தது. உனக்கு அன்றைக்கும் இன்றைக்கும் காலத்தில் சொல்லாதது என் குற்றம். ரத்தம் பார்த்துவிட்டு, அந்தத் தாளோடு நோன்புக்கு வா.

சொக்கலிங்கம் ஈப்போ, 8:41
டிக்கெட் பார்க்கிறேன், அண்ணே.

உமையாள், 8:42
நோன்பன்று இழை (நூல்திரி) எடுத்துக் கொடுக்க அண்ணன் எழுந்து உட்காரலாமா, வள்ளி?

வள்ளியம்மை மதுரை, 8:44
தாராளமாக உட்காரலாம், ஆத்தா.

லெட்சுமணன், 8:50
சமையல்காரருக்கு நான் என்ன சொல்லட்டும்?