சீக்ரெட் ஹிட்லரை வாட்ஸ்அப்பில் ஆடுகிறோம், 9 ஆட்டத்தில் 8 கெட்ட அணிக்கே போகிறது. எங்கே தவறு?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த விவரம் முக்கியம் என்று தெரியாததால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

போன கோடை முழுக்க எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 6 பேர் உட்கார்ந்து, யார் எந்த அணி என்று மறைத்து ஆடும் சீக்ரெட் ஹிட்லர் என்ற ஆட்டத்தை ஆடினோம். பெட்டி வாங்கவில்லை. விதிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள், அதைப் படித்துப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டிச் சீட்டு செய்துகொண்டோம். அசல் ஆட்டத்தில் லிபரல் என்ற நல்ல அணி நீலம், பாசிஸ்ட் என்ற கெட்ட அணி சிவப்பு. தொழிற்சங்கத்தில் இருந்த பெரியப்பா, சிவப்பைக் கெட்ட அணிக்குக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டார். வேறு எந்த நிறத்தை எடுத்தாலும் அது யாராவது ஒரு கட்சிக் கொடியில் இருக்கிறது. சரி, நிறமே வேண்டாம் என்று மார்க்கரில் 6 சீட்டில் வட்டமும் 11 சீட்டில் பெருக்கல் குறியும் போட்டோம். நல்ல அணி வட்டம், கெட்ட அணி பெருக்கல். ஜனாதிபதியைத் தலைவர் என்கிறோம், சான்சலரை முதல்வர் என்கிறோம்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக: கெட்ட அணியில் ஒருவர்தான் ஹிட்லர், யார் எந்த அணி என்று நல்ல அணிக்குத் தெரியாது. தலைவர் பதவி ஒவ்வொருவராகச் சுற்றி வரும், அவர் ஒரு முதல்வரை முன்மொழிவார், எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்தால் தலைவர் 3 சீட்டு எடுத்து ஒன்றைக் கழித்து இரண்டை முதல்வரிடம் கொடுப்பார், முதல்வர் அதில் ஒன்றைக் கழித்து மற்றதைச் சட்டமாக்குவார். கழித்தது என்ன என்று மற்றவர்களுக்குத் தெரியாது. 5 வட்டச் சட்டம் வந்தாலோ ஹிட்லர் கொல்லப்பட்டாலோ நல்ல அணிக்கு வெற்றி. 6 பெருக்கல் சட்டம் வந்தாலோ, 3 பெருக்கல் வந்த பிறகு ஹிட்லர் முதல்வரானாலோ கெட்ட அணிக்கு வெற்றி.

மாடியில் ஆடிய வரை இரண்டு பக்கமும் மாறி மாறி ஜெயித்தது. ஐப்பசி மழை பிடித்ததும் மாடியில் உட்கார முடியவில்லை. அதோடு இரண்டு பேர் வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டார்கள், அதனால் ஆட்டத்தை வாட்ஸ்அப் குழுவுக்கு மாற்றினோம். அப்போதே துபாயில் இருக்கும் மாமா மகனும் அவன் அறைத் தோழனும் சேர்ந்துகொள்ள, இப்போது 8 பேர். என் தங்கை ஆடாமல் நடத்துகிறாள். அதற்குப் பிறகு நடந்த 9 ஆட்டத்தில் 8 பெருக்கல் அணிக்கே போனது.

தோற்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் அத்தை மகன் ஒருவன் இருக்கிறான், நல்ல அணியில் இருந்தாலும் பேச்சில் கொஞ்சம் தடுமாறுவான், ஒவ்வொரு முறையும் எல்லோரும் அவனையே சந்தேகப்பட்டுக் கடைசியில் அவன் நல்லவன் என்று தெரியவரும். போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் குழுவை விட்டு வெளியேறிவிட்டான். கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. ஆட்டத்தில்தான் ஏதோ தவறு இருக்கிறது, அவனிடம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

சில்வர்பீச்:
நம்ம ஊர் ஆள்! புதிதாக வந்தவர்களுக்கு இன்னும் பழகவில்லை, அதனால் இருக்கும். இரண்டு பெருக்கலை எடுத்துவிட்டு 2 வட்டம் கூட்டிப் பாருங்கள், சரியாகிவிடும்.

முத்தியால்பேட்டை:
தம்பி, சீட்டு எண்ணிக்கையில் கை வைக்காதே. 6 வட்டம், 11 பெருக்கல் என்பது நிறைய பேர் ஆடித் தேய்த்த கணக்கு. நான் புதுச்சேரியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் அலுவலக நண்பர்களுக்கும் இதை ரொம்ப நாளாக நடத்துகிறேன். மாடியில் ஒழுங்காக ஓடிய ஆட்டம் போனுக்கு மாறியதும் கெட்டுப்போனது என்றால் மாறும்போது ஏதோ கைதவறியிருக்கிறது. நாலு விஷயம் சொல்லு. ஓட்டை எப்படி வாங்குகிறீர்கள்? யாருக்கு யாரைத் தெரியும் என்று தங்கை ஆரம்பத்தில் என்ன சொல்கிறாள்? கழித்த சீட்டு எங்கே போகிறது? பெருக்கல் சட்டம் வரும்போது தலைவருக்கு என்ன அதிகாரம் கொடுக்கிறீர்கள்? கடைசி ஆட்டத்தின் சுற்றுகளையும் போடு.

கெடிலக்கரை:
அக்கா, இதோ.

ஓட்டு: குழுவிலேயே ஆளாளுக்கு "ஆம்", "இல்லை" என்று போடுவோம். இரவு 10 மணிக்குள் போடாவிட்டால் "இல்லை" என்று கணக்கு.

ஆரம்பம்: 5 பேர் வட்டம், 2 பேர் பெருக்கல், ஒருவர் ஹிட்லர். தங்கை அந்த மூன்று பேரையும் சேர்த்துத் தனிக் குழு ஆரம்பித்துக் கொடுப்பாள்.

சீட்டு: 17 சீட்டும் ஒரு ரவை டப்பாவில் இருக்கும். குலுக்கி 3 எடுத்து, படம் பிடித்துத் தலைவருக்கு அனுப்புவாள். சட்டமானதை ஒரு தாளில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, சீட்டுகள் தொலைந்துவிடக் கூடாது என்று மூன்றையும் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிடுவாள்.

அதிகாரம்: மூன்றாவது பெருக்கலில் தலைவர் அடுத்து வரும் 3 சீட்டை எட்டிப் பார்க்கலாம், நாலாவதிலும் ஐந்தாவதிலும் ஒருவரைக் கொல்லலாம்.

கடைசி ஆட்டத்தில் தலைவர்கள் சொன்னது:
சுற்று 1: 2 பெருக்கல், 1 வட்டம். வட்டம் சட்டமானது.
சுற்று 2: மூன்றும் பெருக்கல்.
சுற்று 3: 2 பெருக்கல், 1 வட்டம். வட்டம் சட்டமானது. இதில்தான் அத்தை மகன் தலைவர்.
சுற்று 4: மூன்றும் பெருக்கல்.
சுற்று 5: மூன்றும் பெருக்கல்.
ஐந்திலும் முதல்வர்கள் தலைவர் சொன்னதை மறுக்கவில்லை. சுற்று 6இல் ஹிட்லர் முதல்வர், ஆட்டம் முடிந்தது.

கணக்குநோட்டு:
அந்த 5 சுற்றையும் கூட்டிப் பாருங்கள். 15 சீட்டில் 13 பெருக்கல் வந்ததாகச் சொல்கிறார்கள். உங்கள் டப்பாவில் இருப்பதே 11.

விதிப்படி ஆடியிருந்தால் இது அப்பட்டமான பொய் என்று அங்கேயே பிடிபட்டிருக்கும். எடுத்த சீட்டு திரும்பக் கட்டுக்குள் போகக் கூடாது. சட்டமானது பலகையில் இருக்கும், கழித்தது கவிழ்த்துத் தனியாக இருக்கும். கட்டில் 3க்குக் குறைவாக மிஞ்சும்போதுதான் கழித்ததைச் சேர்த்துக் குலுக்க வேண்டும். அதாவது ஐந்து சுற்றில் 15 போய் 2 மிஞ்சும். வட்டம் மொத்தம் 6, அந்த இரண்டும் வட்டமாகவே இருந்தாலும் 4 வட்டமாவது வெளியே வந்திருக்க வேண்டும். வந்ததாகச் சொல்வது 2. ஆக யாரோ வட்டத்தை மறைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் சுற்று 2, 4, 5 மூன்றில் ஒன்றிலாவது. அத்தை மகனின் சுற்று அந்தச் சந்தேகத்திலேயே வராது, அவர் காட்டியது வட்டம்.

தங்கை ஒவ்வொரு முறையும் 17ஐயும் குலுக்குவதால் என்ன ஆகிறது என்றால், மூன்றும் பெருக்கலாக வர எப்போதும் 680க்கு 165 வாய்ப்பு, நூற்றுக்குச் சுமார் 24. நாலு தடவைக்கு ஒரு தடவை உண்மையாகவே அப்படி வரும், பழைய சுற்று எதையும் பாதிக்காது. எனவே "மூன்றும் பெருக்கல்" என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டே போகலாம். நல்ல அணி கையில் இருந்த ஒரே தராசு இந்த எண்ணிக்கைதான், அதை டப்பாவுக்குள் போட்டுவிட்டீர்கள்.

கெடிலக்கரை:
மாடியில் கழித்த சீட்டுகளை ஒரு எவர்சில்வர் டம்ளருக்கு அடியில் வைப்போம், காற்றில் பறக்காமல் இருக்க. அதனால் தானாகவே தனியாக இருந்தது. டப்பாவுக்கு மாறியபோது யாருக்கும் உறைக்கவில்லை. தங்கை இதைப் படித்துவிட்டு ரொம்ப வருத்தப்படுகிறாள்.

முத்தியால்பேட்டை:
வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லு, நடத்துகிற பிள்ளை வேலைதான் இதில் கஷ்டம். ஆனால் அது ஒன்றுதான் என்று நினைக்காதே, இன்னும் மூன்று பெரிய ஓட்டை இருக்கிறது. நீங்கள் 8 பேர் வைத்துக்கொண்டு 6 பேர் விதியில் ஆடுகிறீர்கள்.

5, 6 பேர் ஆடும்போதுதான் ஹிட்லருக்குத் தன் ஆள் யார் என்று தெரியலாம். 7இல் இருந்து 10 வரை தெரியவே கூடாது. நேரில் ஆடினால் பெருக்கல்காரர்கள் இருவரும் கண்ணைத் திறந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், ஹிட்லர் கண்ணை மூடியபடியே கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டுவார். அவருக்கு யாரைக் காப்பாற்றுவது, யாரை நம்புவது என்று தெரியாமல் திண்டாட வேண்டும். நீங்கள் மூன்று பேருக்கும் ஒரு அறை கட்டிக் கொடுத்து, சனிக்கிழமை முழுக்க உள்ளே உட்கார்ந்து திட்டம் போடச் சொல்லியிருக்கிறீர்கள். தங்கை அந்தக் குழுவைக் கலைக்கட்டும். பெருக்கல் இருவருக்கும் தனித்தனியாக ஒரு செய்தி, இன்னார் உன் கூட்டாளி, இன்னார் ஹிட்லர் என்று. ஹிட்லருக்கு "நீ ஹிட்லர்" என்பதோடு சரி. அதற்குமேல் ஆட்டம் முடியும்வரை யாரும் யாருக்கும் தனியாக எழுதக் கூடாது.

அடுத்தது அதிகாரம். 7, 8 பேர் ஆடும் பலகை வேறு. இரண்டாவது பெருக்கல் வந்ததுமே தலைவர் ஒருவருடைய கட்சி அட்டையைப் பார்க்கலாம், மூன்றாவதில் அடுத்த தலைவரை அவரே நியமிக்கலாம், அப்புறம் நாலும் ஐந்தும் கொலை. உங்கள் ஆட்டத்தில் சுற்று 4 முடிந்ததும் அந்தத் தலைவர் ஒரு அட்டையைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவர் பொய் சொல்லலாம், ஆனால் அந்தப் பொய்யை வைத்து இரண்டு பேரைக் குறித்துக்கொள்ளலாம். ஹிட்லரின் கட்சி அட்டையும் பெருக்கல்தான், எனவே ஹிட்லர் யார் என்று அது காட்டாது, எந்தப் பக்கம் என்று மட்டும்தான் காட்டும்.

ஓட்டு. குழுவில் ஒவ்வொருவராகப் போட்டால் கடைசியில் போடுபவன் முடிவைப் பார்த்துவிட்டுப் போடுகிறான். 8 பேரில் 4க்கு 4 என்றால் தோல்வி, 5 வேண்டும். கெட்டவர்கள் மூன்று பேரும் 9:55 வரை காத்திருந்தாலே போதும், தேவையான இடத்தில் மட்டும் ஒரு ஓட்டைப் போட்டுவிட்டு மற்ற நேரம் யோக்கியர்களாக நடந்துகொள்ளலாம். எல்லோரும் தங்கைக்குத் தனியாக அனுப்பட்டும், அவள் எட்டையும் ஒரே செய்தியில் பெயரோடு போடட்டும். பதில் அனுப்பாதவருக்கு "இல்லை" என்று எழுதாமல் போன் போட்டுக் கேட்கச் சொல்லு. மூன்று தேர்தல் தொடர்ந்து தோற்றால் மேல் சீட்டு தானாகச் சட்டமாகும், புதுக் கட்டில் அது பெருக்கலாக இருக்க 17க்கு 11 வாய்ப்பு. தூங்கிப்போனவர்களின் ஓட்டுக்கூடக் கெட்ட அணிக்குத்தான் உதவியிருக்கிறது.

இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூலம் மாஃபியா என்ற ஆட்டம், 1986-87 வாக்கில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவிதோவ் உண்டாக்கியது. விஷயம் தெரிந்த சிலருக்கும் விஷயம் தெரியாத பலருக்கும் நடுவில் நடக்கும் போட்டிதான் அதன் அடிப்படை. சிலருக்கு ஒரு துளி விஷயம் கூடினாலும், பலருக்கு ஒரு துளி குறைந்தாலும் தராசு சாய்ந்துவிடும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்து நடந்திருக்கிறது. அத்தை மகனிடம் இதை அப்படியே காட்டு. அந்தப் பிள்ளை சரியாகத்தான் ஆடியிருக்கிறான்.

வில்லியனூர்_வாசி:
சரியான பதில் அக்கா. நான் ஒரு யோசனை சொல்லட்டுமா? எங்கள் புதுச்சேரிச் சட்டசபை மாதிரி 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 3 பேர் நியமனம் என்று இருக்கிறதல்லவா, அதேபோல ஒரு நியமன உறுப்பினர் வேடம் சேர்த்தால் நன்றாக இருக்கும். அப்புறம் ஒரு சந்தேகம், ஹிட்லர் ஏன் தலைவரானால் ஜெயிப்பதில்லை, முதல்வரானால் மட்டும் ஜெயிக்கிறார்?

முத்தியால்பேட்டை:
வேடம் நல்ல யோசனை, ஆனால் இப்போது வேண்டாம். முதலில் உள்ளதை உள்ளபடி பத்து ஆட்டம் ஆடட்டும். இரண்டாவது, ஆட்டம் 1930களின் ஜெர்மனியில் நடப்பதாக வைத்திருக்கிறார்கள். 1933 ஜனவரி 30 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பர்க் ஹிட்லரைச் சான்சலராக நியமித்தார். அந்த நாற்காலியில் உட்கார வைத்ததோடு கதை முடிந்தது, அதனால்தான் அந்த விதி.

சில்வர்பீச்:
நான் சொன்ன யோசனையை விட்டுவிடுங்கள் கெடிலக்கரை, சீட்டை மாற்றாதீர்கள். இதைத் தமிழில் அழகாக அச்சடித்துப் புத்தகக் கண்காட்சியில் விற்கலாமா?

கணக்குநோட்டு:
விற்கக் கூடாது. 2016இல் வெளியிட்டபோதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள். மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், அதே உரிமத்தில் பகிரலாம். வணிகம் கூடாது.

கெடிலக்கரை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சொன்னபடியே எல்லாம் மாற்றி 4 ஆட்டம் ஆடிவிட்டோம். வட்டம் 2, பெருக்கல் 2.

முதலில் கணக்குநோட்டு எழுதியதை அத்தை மகனுக்கு அனுப்பினேன். ஒரு நாள் பதில் இல்லை. மறுநாள் மழைவிட்ட நேரத்தில் வீட்டுக்கே வந்துவிட்டான், கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. 13 பெருக்கல் என்பதை அவனே மறுபடி கூட்டிப் பார்த்து அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான். அன்று சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருவன், மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த ஆட்டம் எப்ப?" என்று மட்டும் கேட்டான்.

நேற்றைய ஆட்டத்தில் ஐந்து சுற்று முடிந்ததும் குழுவில் முதலில் எண்ணிக்கையைப் போட்டவன் அவன்தான். 12 பெருக்கல் சொல்லியிருந்தார்கள், 11தானே இருக்கிறது என்று கேட்டான், அடுத்த அரை மணி நேரத்துக்கு யாரும் வேறு எதுவும் பேசவில்லை. துபாய்க்காரர்கள் இருவரும் மாட்டிக்கொண்டார்கள்.

தங்கை இப்போது கழித்த சீட்டுக்கு ஒரு காபித்தூள் டப்பா தனியாக வைத்திருக்கிறாள். அவள் ஒன்று கேட்கச் சொன்னாள் அக்கா: ஐந்தாவது பெருக்கலுக்குப் பிறகு வீட்டோ, அதாவது வந்த சீட்டுகளையே நிராகரிக்கும் உரிமை, உண்டு என்கிறார்களே, அதில் இரண்டு சீட்டையும் என்ன செய்வது?

முத்தியால்பேட்டை:
முதல்வர் வேண்டாம் என்று கேட்டு, தலைவரும் சரி என்றால் எதுவும் சட்டமாகாது. இரண்டு சீட்டும் காபித்தூள் டப்பாவுக்குப் போகும், தோற்ற தேர்தல் கணக்கில் ஒன்று கூடும். தலைவர் மறுத்தால் முதல்வர் அந்த இரண்டில் ஒன்றைப் போட்டே ஆக வேண்டும்.