ஊட்டியை வளர்த்தது மலை ரயிலா?

கல்லாறு வாசகன்:
மலை ரயில் ஏறியிராவிட்டால் ஊட்டி ஒரு சிறிய கோடை முகாமாகவே நின்றிருக்கும் என்பது என் உறுதியான கருத்து. 1854-லேயே திட்டம் பேசப்பட்டும், 1891-இல்தான் வேலை தொடங்கியது. முதல் நிறுவனம் நொடித்துக் கைமாறிய பிறகு, 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் ரயில் எட்டியது. அரை நூற்றாண்டுக்கு மேல் விடாமல் முயன்றார்கள் என்றால், ஊருக்கு அது உயிர்நாடி என்று பொருளில்லையா?

லவ்டேல்வாசி:
ஐயா, தாங்கள் தந்த ஆண்டுகளே தங்களுக்கு எதிராக நிற்கின்றன. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறியது 1819-இல். கல் வீடும் ஏரியும் அடுத்த சில ஆண்டுகளில் வந்தன. ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829-இல் அடிக்கல் நாட்டினார்கள். தாவரவியல் பூங்கா 1848, லாரன்ஸ் பள்ளி 1858, நகராட்சி 1866. சென்னை மாகாண அரசு கோடைதோறும் இங்கே குடிபெயர்ந்ததும் ரயிலுக்கு முன்புதான். ஊர்தான் ரயிலை வரவழைத்தது.

கல்லாறு வாசகன்:
ஆலயமும் பள்ளியும் யாருக்காக இருந்தன? குதிரைக்கும் பல்லக்குக்கும் செலவழிக்க முடிந்தவர்களுக்குத்தான். பயணச்சீட்டு வாங்கிய எவரும் ஏறிவரலாம் என்ற நிலையை ரயில் கொண்டுவந்தது. அதுவும் எப்படிப்பட்ட பாதையில்! மலையடிவாரத்துக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓரடி என்ற ஏற்றம் வருவதால், சாதாரணச் சக்கரங்களின் பிடிமானம் போதாது. ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பற்சட்டங்களைப் பதித்து, ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேராக வரும்படி அமைத்தார்கள். எஞ்சினின் பற்சக்கரம் எந்நேரமும் ஏதோ ஒரு பல்லைப் பற்றியிருக்கும். ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. 16 குகைகளையும் 250 பாலங்களையும் கடக்கும் இந்தப் பாதையை வெறும் வசதி என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமளிக்கிறது.

கேத்தி:
இருவருமே மலையின் வரலாற்றை 1819-இல் தொடங்குகிறீர்கள். தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளும் படுகர்களின் ஊர்களான ஹட்டிகளும் கோத்தர்களின் ஊர்களும் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. சல்லிவனின் வீடு எழுந்ததே தோடர்களின் நிலத்தில்தான். எங்கள் கேரட்டும் உருளைக்கிழங்கும் இன்று மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியில்தான் இறங்குகின்றன. உள்ளூர்க்காரரின் பிழைப்பைச் சேர்க்காமல் ஊரின் வளர்ச்சியை எப்படி அளப்பீர்கள்?

லவ்டேல்வாசி:
கேத்தி நண்பர் சொல்வது சரியான அளவுகோல். மழைக்காலத்தில் பாதையில் மண்சரிந்து ரயில் நிற்கும் நாட்களில் ஊர் முடங்குவதில்லை. மலைச்சாலை அடைபட்டால்தான் பாலும் காய்கறியும் தடைபடுகின்றன.

கல்லாறு வாசகன்:
அது இன்றைய நிலைமை. பேருந்தும் லாரியும் மலையேறாத 1908-ஐ அதைக்கொண்டு மதிப்பிட முடியாது. இன்றைக்கே எடுத்துக்கொண்டாலும், 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது இந்த ரயிலைத்தான். இதில் ஏறுவதற்கென்றே ஊட்டிக்கு வருபவர்கள் இருக்கிறார்கள்.

லவ்டேல்வாசி:
அந்தப் புகழை நான் மறுக்கவில்லை. ஆனால் 1866-இலேயே நகராட்சியாகிவிட்ட ஊரை, 42 ஆண்டுகள் கழித்து வந்த ரயில் சிறிய முகாம் நிலையிலிருந்து மீட்டது என்ற தங்கள் முதல் வாதத்துக்கு அது சான்றாகாது.