உங்கள யோசிக்க வச்ச ஒரு உழைப்பாளிய பாத்த அனுபவம் இருந்தா சொல்லுங்க, பிரசங்கம் வேண்டாம், பாத்தத மட்டும்

திருவட்டார்காரன்:

நானே ஆரம்பிக்கேன். சென்னைல ஒன்பது வருஷம் ஐடில இருந்தேன், போன வருஷம் ஆள் குறைப்புல என்னையும் அனுப்பிட்டாங்க, ஊருக்கு வந்தாச்சு, வயசு 33. வந்த நாள்ல இருந்து ஒரே ஜெபம்தான், ஆண்டவரே என்னைப் பத்தின உம்முடைய நோக்கம் என்ன, தெளிவா காட்டும்னு. உபவாச ஜெபம், மூணு நாள் முகாம், ஒரு தீர்க்கதரிசன கூட்டம்கூட போனேன், அங்க என்னைப் பாத்து "நீ தேசங்களுக்குப் போவாய்"னு சொன்னாங்க, என் பாஸ்போர்ட் காலாவதி ஆகி ரெண்டு வருஷம். பகல் பத்து மணி வரை தூக்கம், எழும்பினா நோக்கம் தேடுறது. அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா சாயா கிளாஸை மேசையில வைக்கிற சத்தம் நாளுக்கு நாள் கூடிட்டே வந்துது.

எங்களுக்கு வீட்டுக்கு மேல கொஞ்சம் ரப்பர் விளை உண்டு, இருநூத்தி சொச்சம் மரம். பால் வெட்டுறது ஒரு பெரியவரு, நான் ஸ்கூல் போன காலத்துல இருந்தே அவருதான். அவருக்கு முட்டுவலி கூடிப் போச்சு, நீ சும்மாதான இருக்க, கூடப் போயி பால் எடுத்துக் குடுன்னு அப்பா சொன்னாரு. அந்த "சும்மாதான" கொஞ்சம் வலிச்சுது, இருந்தாலும் போனேன். காலைல 4 மணிக்கு நெத்தியில லைட்டை கட்டிட்டு, அட்டை கடிச்சிட்டு, எனக்கு முதல் வாரம் முழுக்க வெறுப்புதான். ஏன் பாட்டா விடிஞ்சப்பறம் வெட்டக்கூடாதான்னு கேட்டேன். வெயில் ஏற ஏற மரத்துக்குள்ள அழுத்தம் குறைஞ்சிரும், பால் சீக்கிரமே நின்னு போவும், மரம் நம்ம சௌகரியத்துக்கு தராது மக்கான்னாரு.

பத்து நாள் கழிச்சு நானும் கத்தியப் பிடிச்சேன். பாக்கதுக்கு எளுப்பமா இருக்கும், ஒரு சீவல் பட்டைய எடுத்துட்டு போறாரு அவ்வளவுதான்னு தோணும், பிடிச்சா தெரியும். மேலாப்புல சீவினா பால் வராது, கொஞ்சம் ஆழமா போயிட்டா உள்ள பட்டைய வளக்கிற அடுக்குல காயம், நடுவுல நாம விட்டுவைக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். நான் மூணாவது மரத்துலயே பட்டையத் தாண்டி உள்ள உள்ள தடியில கத்திய கொண்டு முட்டிட்டேன். ஆனா பால் நல்லா வந்துது, சொல்லப்போனா மத்த மரத்தவிட நல்லாவே வந்துது, அதனால நான் பெருமையா அவரைப் பாத்தேன்.

அவரு லைட்டை கிட்ட கொண்டு வந்து பாத்துட்டு, "இந்த காயம் இன்னைக்கு ஒண்ணும் செய்யாது மக்கா. ஆனா பட்டை திரும்ப வளரும்போ இந்த எடம் முண்டும் முழியுமா வரும். கொறே வருஷம் கழிச்சு இதே எடத்துல கத்தி வைக்க ஒருத்தன் வருவாம்லா, அவன் கிடந்து கஷ்டப்படுவான்"னாரு. நீங்கதான வெட்டுவீங்கன்னேன். "நான் எங்க அதுவரைக்கும்"னு சொல்லிட்டு அடுத்த மரத்துக்கு போயிட்டாரு. போற வழியில ஒரு பழைய மரத்துல என் கையை பிடிச்சு வச்சாரு, வழுவழுன்னு இருந்துது. நான் ஆறாங்கிளாஸ் படிக்கும்போ அவரு வெட்டின பக்கமாம் அது.

அவரு இத வசனமாட்டு சொல்லல பாருங்க. சபையில அவரு கடைசி பெஞ்சு, பிரசங்கம் முழுக்க தூக்கம், காணிக்கைப் பை வரும்போ மட்டும் கண்ணத் திறப்பாரு. நான் மூணு நாள் முகாம்ல நோட்டு நோட்டா எழுதினவன். எனக்கு அன்னைக்கு சாயா எறங்கல.

மார்த்தாண்டம் தேன்பெட்டி:

கொள்ளாம், நல்லாருக்கு தம்பி. உங்க விளையில இலை உதிந்து பால் வெட்டு நிக்கிற நேரம்தான் எங்களுக்கு தேன் அறுப்பு, ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் ரப்பர் தளிர் விடும்லா, அந்த தளிர் இலைக் காம்புல தேன் சுரக்கும், பூவுல இருந்து இல்ல, நெறைய பேருக்கு இது தெரியாது. 1920கள்ல ஸ்பென்சர் ஹாட்ச் ஐயா மார்த்தாண்டத்துல ஒய்எம்சிஏ கிராம வேலைய தொடங்கி பெட்டியில தேனீ வளக்கிறத எங்க ஆளுகளுக்கு பழக்கினாரு, அந்த வழியில வந்தவருதான் எனக்க பாட்டாவுக்க கூட்டாளி ஒருத்தர்.

1991, 92ல தேனீக்கு ஒரு வைரஸ் நோய் வந்துது, தாய் சாக்புரூட்னு பேரு, புழு தண்ணி கட்டின பை மாதிரி ஆகி கூட்டுக்குள்ளயே செத்துப் போவும். தென்னிந்தியா முழுக்க அடிச்சிட்டுப் போச்சு. அவருக்கு அறுபது பெட்டி இருந்துது, ஒண்ணுகூட மிச்சம் இல்ல. நெறைய பேரு பெட்டிய வெறகாக்கினாங்க. இவரு மட்டும் சனிக்கிழமை தோறும் காலிப் பெட்டிய எல்லாம் திறந்து, மெழுகுப்பூச்சி கூடு கட்டினத சுரண்டி, வெயில்ல காய வச்சு, திரும்ப ஸ்டாண்டுல ஏத்தி, எறும்பு ஏறாம கிண்ணத்துல தண்ணியும் ஊத்தி வைப்பாரு. காலிப் பெட்டிக்கு எறும்பு காவல்! நாங்க சின்னப் பிள்ளைக, கேலி பண்ணுவோம். அவருக்க வீட்டுக்காரி ஏசாத ஏச்சு இல்ல, சும்மா இல்ல, அவங்க சொன்னதுலயும் நியாயம் உண்டு, அந்த நேரத்துல கூலி வேலைக்கு போயிருந்தா நாலு காசு வந்துருக்கும்.

நான் ஒரு தடவ கேட்டேன், ஈயே இல்ல, எதுக்கு பாட்டா இதெல்லாம்னு. "ஈ வாறது ஆண்டவருக்க காரியம் பிள்ளே, பெட்டி நாறாம கெடக்கது எனக்க காரியம்"னாரு.

வந்துதானு கேப்பீங்க. பல வருஷம் கழிச்சு வந்துது, ரெண்டு பெட்டியில. அறுபதுல ரெண்டு. சாட்சிக் கூட்டத்துல எழும்பி சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, அதான் இங்க சொல்லுதேன்.

கடக்கரைல இருந்து:

எங்க அப்பாவுக்க கூட்டுக்காரர் ஒருத்தர். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்கு அப்புறம் அவரு கடலுக்குப் போகல, மகன் திரும்பி வரல. இப்போ மத்தவங்களுக்க வலையில கிழிசல் தைச்சுக் குடுக்காரு. ஒரு கண்ணி பிசகினாலும் அவிழ்த்துட்டு முதல்ல இருந்து போடுவாரு. பக்கத்துலயே இருந்து எத்தனையோ நாள் பாத்துருக்கேன். எதுக்கு இவ்வளவு கவனம்னு கேக்க எனக்கு வாய் வரல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நெய்யூர் பொண்ணு, இப்போ கல்ஃப்ல நர்ஸ்:

மேல உள்ளத படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியல.

சாமர்வெல் டாக்டர் கதைய யாராவது போடுவீங்கன்னு பாத்தேன். 1922ல எவரெஸ்ட் ஏற வந்தவரு, அது முடிஞ்சு இந்தியாவ சுத்திப் பாக்க வந்த எடத்துல நெய்யூர் ஆஸ்பத்திரிய பாத்தாரு, அவ்வளவு கூட்டத்துக்கும் ஒரே ஒரு சர்ஜன், லண்டன் வேலைய வேண்டாம்னு வச்சிட்டு இங்க வந்துட்டாரு. 1924ல திரும்பவும் எவரெஸ்டுக்குப் போயி ஆக்சிஜன் இல்லாம 28,000 அடி கிட்ட ஏறிட்டு, திரும்பவும் நெய்யூருக்கே. எங்க ஊர்ல எந்த மீட்டிங் ஆனாலும் இந்தக் கதை உண்டு, நாங்க மலையதான் நினைச்சுட்டு கேப்போம். அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல தினமும் காலைல எழும்பி புண்ணு கழுவி வயிறு திறந்து தைச்சாரே, அத யாரும் படமா வரைஞ்சு மாட்டல.

நான் சொல்ல வந்தது வேற ஆளு. ட்ரெயினிங் முடிச்சு முதல்ல வேலை பாத்த ஆஸ்பத்திரில ஐசியூ நைட் ட்யூட்டி. தரை துடைக்கிற அக்கா ஒருத்தங்க. ஒரு பேஷன்ட் பல நாளா நினைவில்லாம கெடந்தாரு. அந்த அக்கா ராத்திரி ரெண்டு மணிக்கு அவரு கட்டிலுக்கு அடியில துடைக்கிறதுக்கு முன்ன, "அண்ணே, கட்டில கொஞ்சம் நீக்குதேன், பயப்படாதீங்க"ன்னு மெதுவா சொல்லிட்டுதான் தொடுவாங்க. தினமும். வார்டுல என்னத் தவிர யாரும் முழிச்சில்ல, நானும் பாக்கேன்னு அவங்களுக்குத் தெரியாது. இப்போ இங்க நான் யாரைத் தொட்டாலும் முதல்ல பேரச் சொல்லி கூப்புடுதேன், அரபில தப்பு தப்பா.

அண்டி ஆபீஸ் மகள்:

எல்லாருக்க கதையும் நல்லாருக்கு, ஆனா எனக்கு ஒரு கோவம் உண்டு, சொன்னா தப்பா எடுக்காதீங்க.

எங்க அம்மா முப்பது வருஷம் அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரி ஃபேக்டரில, அண்டி தல்லி பருப்பு எடுத்தவங்க. கொட்டையில உள்ள எண்ணை பட்டு விரல் எல்லாம் கறுத்து தோல் உரிஞ்சு இருக்கும், சோறு பிசைஞ்சா எரியும்னு கரண்டில தின்பாங்க. பருப்பு உடையாம முழுசா எடுக்கணும், அதுல அம்மாவ மிஞ்ச ஆள் கிடையாது. அங்க நடத்துற ஆளு ஒரு விசுவாசி, ஆபீஸ் சுவத்துல பெருசா எழுதி வச்சிருந்தாரு, எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று இல்லாம கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கன்னு. அதுக்கு நேர் கீழதான் தராசு. அந்தத் தராசு எப்பவும் அவருக்கு சாதகமாத்தான் நிக்கும்.

அந்த வசனம் யாருக்கு எழுதினதுன்னு நான் பின்னால படிச்சுப் பாத்தேன். கொலோசெயர் மூணாம் அதிகாரம், பவுல் அடிமைகளுக்குச் சொன்னது அது. நாலாம் அதிகாரம் முதல் வசனம் எஜமான்களுக்கு, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்க, உங்களுக்கும் பரலோகத்துல ஒரு எஜமான் உண்டுன்னு. அதிகாரம் மாறிப் போனதால பெயின்டருக்கு கண்ணுல படல போல.

இன்னொண்ணு. நம்ம சபையில ஊழியம் ஊழியம்னு சொல்லுதோம்லா, திருவிதாங்கூர் காலத்துல நம்ம முப்பாட்டன்மாருக்கு ஊழியம்னா கூலி இல்லாத கட்டாய வேலை. சர்க்காருக்கு சுமடு சுமக்கணும், மறுத்தா அடி. வெள்ளைக்கார ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்துல கிறிஸ்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் அதுல இருந்து விலக்கு கெடச்சுது, வாரத்துல ஒரு நாள் முதுகு நிமிரலாம். அடிமைத்தனத்தையே 1855லதான் ஒழிச்சாங்க. நாகர்கோவில்ல மிஷனரி மால்ட் அம்மா பிள்ளைகளுக்கு லேஸ் பின்ன சொல்லிக் குடுத்தாங்களே, அதுல கெடச்ச காசுல தங்கள விலை குடுத்து மீட்ட அடிமைப் பெண்கள் உண்டு. அதுவும் உழைப்புதான், ஒவ்வொரு இழையும் கவனமாத்தான் பின்னிருப்பாங்க. ஆனா கையில காசு வந்துது. எனக்க அம்மா முழுப் பருப்பா எடுத்ததுக்கு யாரு கையில வந்துது?

அம்மாட்ட நான் சண்ட போட்டுருக்கேன், உடைச்சா உடையட்டும், அந்த ஆளுக்கு எதுக்கு இவ்வளவு பாத்து பாத்து செய்யணும்னு. "அவனுக்கா செய்யுதேன், எனக்கு உடைஞ்சா பிடிக்காது"ன்னாங்க. இதுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியல. பெருமையா இருக்கு, எரிச்சலாவும் இருக்கு. இப்போ வீட்டுலதான் இருக்காங்க, முருங்கைக்கீர உருவினாக்கூட ஒரு காம்பு கெடக்காது.

மார்த்தாண்டம் தேன்பெட்டி:

மக்களே உனக்க கோவம் நியாயம். எனக்க கதையிலயும் அந்த வீட்டுக்காரி ஏச்ச நான் ஒரு வரியில தாண்டிட்டேன், அவங்கதான் அந்த வருஷமெல்லாம் நாலு வீட்டுல வேல செஞ்சு அடுப்பு எரிச்சது. அதையும் எழுதியிருக்கணும்.

திருவட்டார்காரன்:

எல்லாரும் எழுதினத ரெண்டு தடவ படிச்சேன், அண்டி ஆபீஸ் அக்கா எழுதினத மூணு தடவ. என்ன வேலைக்குப் போகப் போறன்னு கேக்காதீங்க, ரெண்டு இன்டர்வியூ இருக்கு, திருவனந்தபுரத்துல, அதுக்கும் ஜெபம் பண்ணுதேன்தான். பாட்டா நேத்து நான் வெட்டின ஒரு வரிசைய விரலால தடவிட்டு வந்தாரு, ஒரு மரத்துக்கிட்ட மட்டும் நின்னு "இது கொள்ளாம்"னாரு. நாப்பது மரத்துல ஒண்ணு.

ராத்திரி அப்பாட்ட கேட்டேன், அவருக்கு நாம ஒரு நாள் வெட்டுக்கு எவ்வளவு குடுக்கோம், கடைசியா எப்பம் கூட்டிக் குடுத்தோம்னு. இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல. அப்பா பேப்பர்ல இருந்து கண்ண எடுக்கல. அம்மா அடுக்களைல இருந்து எட்டிப் பாத்தாங்க.

மழை வராட்டி காலைல 4 மணிக்கு வெட்டு இருக்கு, படுக்கேன்.