கம்பெனி வேலையை விட்டுத் துறவறம் போனவர்கள்: நீங்கள் நேரில் பார்த்தது

ராயபுரம் பெண்:
தம்பி ஓ.எம்.ஆரில் டீம் லீட். நோட்டீஸ் பீரியட் முடிந்த மறுநாளே கத்தோலிக்கத் துறவற சபையில் சேரக் கிளம்பிவிட்டான். வீட்டில் யார் அழுதார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு மறக்காதது அந்தக் காலை. தன் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போக, அவர் கைரேகையைப் பதிந்துகொண்டிருந்தான். அம்மா காசிமேட்டில் 20 வருடமாக மீன் அரிந்து கொடுப்பவர். கட்டைவிரலில் ரேகையே இல்லை. துடைத்துத் துடைத்து வைக்கிறான், ஏறவில்லை. ஆதாருக்கும் இப்படித்தான் அலைந்தோம். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு அந்த விரலையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், வெளியே ஆட்டோ ஹாரன் அடிக்கும்வரை. விட்டுட்டுப் போயிட்டானே என்று இன்றும் கோபம் வருகிறது.

திருவொற்றியூர்க்காரன்:
என் பழைய மேனேஜரைப் பட்டினத்தார் சமாதியில் பார்த்தேன். காவி வேட்டி, கையில் துடைப்பம். நான் தயங்கினேன், அவரே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "2019 அப்ரைசல்ல உங்களுக்கு நான் நியாயமா நடந்துக்கல. ஒருத்தருக்கு ரேட்டிங்கைக் குறைக்கச் சொன்னாங்க. நீங்க எதிர்த்துப் பேச மாட்டீங்கன்னு உங்க பேரைப் போட்டேன்" என்றார். பரவாயில்லை சார் என்றாவது சொல்லியிருக்கலாம். வாயே வரவில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் போனேன், அவர் இல்லை.

தண்டையார்பேட்டை அண்ணன்:
ராயபுரம் தங்கச்சி, விட்டுட்டுப் போயிட்டான் என்று சொல்லாதீர்கள். என் அண்ணன் மகனை, வீட்டுக் கடனை முடித்துவிட்டு வா என்று சபையிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்து அடைத்துவிட்டுப் போனான். கடனை அடைக்க வழியில்லாதவரை நவதுறவில், அதாவது சபையின் ஆரம்பப் பயிற்சியில், சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 644 சொல்கிறது. தம்பியின் கிரெடிட் கார்டு மூடியாச்சா, பி.எஃப். நாமினி யார் என்று பாருங்கள். ரிலீவிங் லெட்டரைப் பத்திரமாக வையுங்கள். நவதுறவே குறைந்தது 12 மாதம். அதன் பிறகு எடுக்கிற முதல் வார்த்தைப்பாடும் (துறவு உறுதிமொழி) தற்காலிகம்தான், நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு இன்னும் சில வருடம் ஆகும். நடுவில் திரும்பி வந்தால் வீட்டில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கக் கூடாது. வீட்டில் அவன் பங்கை இப்போதே எழுதி வாங்கிவிடாதீர்கள்.

ராயபுரம் பெண்:
அண்ணா, கடன் எதுவும் இல்லை, எல்லாம் முடித்துவிட்டுத்தான் போனான். அந்த போனைத் திறக்கச் சொல்லி அம்மா என்னிடம் நீட்டும்போதுதான் கோபம் வருகிறது. திருவொற்றியூர்க்காரரே, உங்கள் மேனேஜர் முகம் எப்படி இருந்தது? நன்றாக இருந்தாரா?