கேனிஸ்டர் ஃபில்டரில் எந்த மீடியா எந்தத் தட்டில்?

கேள்வி

வணக்கம். 200 லிட்டர் மீன் தொட்டிக்கு மூன்று தட்டு கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய பெட்டி வடிகட்டி) வாங்கியிருக்கிறேன். உள்ளே நான்கு கோல்டு ஃபிஷ், அதனால் கழிவு அதிகம். ஃபில்டரோடு கரடு ஸ்பாஞ்ச், நடுத்தர ஸ்பாஞ்ச், வெள்ளைப் பஞ்சு, செராமிக் ரிங், ஒரு பை கார்பன் என மீடியா (தண்ணீரை வடிகட்டும் பொருட்கள்) வந்தன. பெட்டிப் படத்தில் பஞ்சு மேல் தட்டில் இருக்கிறது. சிலர் அதை ரிங்குக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். எது சரி? கார்பன் போட்டே ஆக வேண்டுமா? தொட்டி விளிம்பில் தொங்கும் பழைய ஹேங்-ஆன் ஃபில்டரை எப்போது கழற்றலாம்?

பதில் 1

முதலில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். மேல் தட்டு, கீழ் தட்டு என்ற பேச்செல்லாம் அப்புறம்தான். பெரும்பாலான கேனிஸ்டர்களில் தண்ணீர் ஓரமாக அடிக்கு இறங்கி, தட்டுகள் வழியாக மேலே ஏறி, தலையில் (மூடிப் பகுதியில்) உள்ள மோட்டார் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். தலையைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். உறிஞ்சும் குழாய் சேரும் துளைக்கு நேர் கீழே, தட்டுகளின் ஓரத்தில் அடிவரை ஒரு சந்து போனால் உங்களுடையதும் அந்த வகைதான். அப்படியானால் அடித்தட்டுதான் முதல் தட்டு.

அடித்தட்டில் கரடு ஸ்பாஞ்ச், அதன் மேல் நடுத்தர ஸ்பாஞ்ச். நடுத்தட்டு முழுக்க ரிங். மேல் தட்டிலும் முக்கால்வாசி ரிங், அதற்கு மேல் ஒரே ஒரு மெல்லிய படலமாகப் பஞ்சு.

ரிங் அழுக்கைப் பிடிக்க வைத்ததல்ல. அதில் படிந்து வளரும் பாக்டீரியாக்கள்தான் மீன்கள் வெளியேற்றும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். சேறு மூடிய ரிங்கில் துளை அடைபட்டு, ஓட்டம் உள்ளே போகாமல், அந்த வேலை படுத்துவிடும். அதனால் பெரிய கழிவு முழுவதும் ஸ்பாஞ்சிலேயே நின்றுவிட வேண்டும். ஸ்பாஞ்சிலும் ஏராளமான பாக்டீரியா இருக்கிறது, அதை வெறும் குப்பைப் பொறியாக நினைத்துவிடாதீர்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது ஸ்பாஞ்சின் அளவு. தட்டை விட அது ஒரு நூல் பெரிதாக இருக்கட்டும், நான்கு மூலையிலும் விரலால் அழுத்தி உட்கார வையுங்கள். தண்ணீர் எப்போதும் எளிதான வழியைத்தான் தேடும். அடுத்த முறை கழுவும்போது ஸ்பாஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுப்பகுதி வெளுப்பாகவும் ஒரு விளிம்பில் மட்டும் பழுப்புக் கோடாகவும் இருந்தால், தண்ணீர் அந்த ஓரமாக நழுவிப் போகிறது. எவ்வளவு விலையுயர்ந்த மீடியா வைத்தாலும் அப்போது பயனில்லை.

கார்பன் தினப்படி தேவையில்லை. மருந்து கொடுத்து முடித்த பிறகு மிச்சத்தை உறிஞ்சவும், மரத்துண்டால் ஏறிய மஞ்சள் நிறத்தை எடுக்கவும் நல்லது. சில வாரங்களில் அதன் சக்தி தீர்ந்துவிடும். மருந்து கொடுக்கும்போது உள்ளே இருந்தால் மருந்தையே இழுத்துக்கொள்ளும். அந்த இடத்தை ரிங்குக்குக் கொடுங்கள்.

புதியதில் பாக்டீரியா வளர, பழைய ஃபில்டரைக் குறைந்தது நான்கிலிருந்து ஆறு வாரம் சேர்த்தே ஓட்டுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யமாக நின்றால்தான் கழற்ற வேண்டும். கழற்றும்போது அதன் ஸ்பாஞ்சைக் கழுவாமல் கேனிஸ்டருக்குள் வைத்துவிடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னதில் பஞ்சு விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. என்னுடையது சின்ன மீன்கள் உள்ள செடித் தொட்டி. நடுத்தர ஸ்பாஞ்சுக்கு அடுத்து, ரிங்குக்குக் கீழேயே பஞ்சு வைக்கிறேன். ஸ்பாஞ்சைத் தாண்டி வரும் நுண்ணிய தூசியும் அங்கேயே நின்றுவிடுகிறது, ரிங்கைத் தொடவே வேண்டியதில்லை.

இன்னொன்று: உறிஞ்சும் குழாயின் முனையில் ஒரு உருளை ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். இலையும் உணவுத் துணுக்கும் உள்ளே போகாது. அதை மட்டும் அடிக்கடி பிழிந்தால் போதும், கேனிஸ்டரைத் திறக்கும் வேலை குறையும்.

கேட்டவர்

நன்றி. பார்த்தேன், ஓரத்தில் சந்து இருக்கிறது, கீழிருந்து மேல்தான். என் தொட்டிக்குப் பஞ்சு எங்கே? கழுவுவதைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில் 1 எழுதியவர்

சின்ன மீன், குறைந்த கழிவு என்றால் அவர் சொன்ன இடம் சரிதான். கோல்டு ஃபிஷ் தொட்டியில் பஞ்சு சீக்கிரம் அடைத்து ஓட்டம் தளரும், ரிங்குக்கு அடியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் எல்லாத் தட்டையும் தூக்க வேண்டும். மேலே இருந்தால் மூடியைத் திறந்ததும் கையில் வரும், எடுத்துப் போட்டுப் புதிதாக வைக்கலாம். குழாய்முனை ஸ்பாஞ்சைக் கட்டாயம் மாட்டுங்கள்.

ஸ்பாஞ்சையும் ரிங்கையும் தொட்டியிலிருந்து வெளியேற்றிய தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். இரண்டையும் ஒரே நாளில் கழுவாதீர்கள். ரிங்கைத் தேய்க்க வேண்டாம், முக்கி எடுத்தால் போதும்.

அப்புறம், கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால் அப்படியே ஓடவிடாதீர்கள். மூடிய பெட்டிக்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் கெட்டுப்போயிருக்கும். உள்ளே தேங்கியதைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு இயக்குங்கள். அடுத்த சில நாட்கள் உணவைக் குறைத்து அம்மோனியாவைச் சோதித்துக்கொண்டே இருங்கள்.