சிக்டெர்ம் சிக்னல் வரும்போது சில நேரம் உறைந்து நிற்கும் மல்டி திரெட் நிரல்

காட்பாடி நிரலர்:
வணக்கம். ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றுக்காக, நான்கு மீட்டர்களின் அளவுகளை நான்கு திரெட்டுகளில் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகளில்) படிக்கும் சி நிரல் ஒன்றை லினக்ஸில் எழுதியிருக்கிறேன். பிரதான திரெட் விநாடிக்கு ஒருமுறை மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு) பூட்டி, பஃபரில் (நினைவகத்தின் தற்காலிக இடம்) சேர்ந்ததை எஸ்டி கார்டில் எழுதி எஃப்சிங்க் செய்கிறது, அதாவது தரவு கார்டில் உண்மையிலேயே சேரும்வரை காத்திருக்கிறது. நிரலை நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் வந்தால், அதைக் கவனிக்க நான் எழுதிய ஃபங்ஷனான ஹேண்ட்லரும் அதே மியூடெக்ஸைப் பூட்டி, மீதமுள்ளதை எழுதிவிட்டு வெளியேறுகிறது. மாதாந்திர மின்தடைக்கு முன் நிரலை நிறுத்தும்போது சில நேரம் அது உறைந்துவிடுகிறது. 90 விநாடி கழித்து, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, எந்த நிரலும் தடுக்க முடியாத சிக்கில் சிக்னலை அனுப்பிக் கொன்றுவிடுவதால் கடைசி அளவுகள் தொலைந்துபோகின்றன. என் மேசைக் கணினியிலோ ஒருமுறைகூட இவ்வாறு நேரவில்லை. பூட்டு விடுபடும்வரை ஹேண்ட்லர் காத்திருக்கும் என்றுதானே கொள்ள வேண்டும்?

வாலாஜா வாசகர்:
காத்திருக்கும், ஆனால் தனக்காகவே காத்திருக்கும். ஹேண்ட்லர் தனித் திரெட்டில் ஓடுவதில்லை. சிக்னல் எந்தத் திரெட்டை இடைமறித்ததோ அதன் ஸ்டாக்கின் (ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கு) மேலேயே ஓடுகிறது, அது முடியும்வரை கீழே நிற்கும் வேலை ஓர் அடியும் நகராது. உறைந்த நிலையில் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணைத்து எல்லாத் திரெட்டுகளின் பேக்ட்ரேஸையும் (அந்த அடுக்கின் பட்டியல்) எடுத்துப் பாருங்கள். எஸ்டி கார்டில் எஃப்சிங்க் மெதுவாக முடிவதால் பூட்டு நெடுநேரம் பிடிபட்டிருக்கும். மேசையில் பிழை தலைகாட்டாததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

மியூடெக்ஸை நீக்கினாலும் தீராது. திரையில் எழுதும் பிரிண்ட்எஃப், நினைவகம் ஒதுக்கும் மாலக் ஆகியவையும் உள்ளே பூட்டு வைத்திருப்பதால், ஹேண்ட்லருக்குள் அவற்றை அழைக்கக் கூடாது.

காட்பாடி நிரலர்:
பார்த்தேன், ஐயா. பிரதான திரெட்டில் மேலே மியூடெக்ஸ் பூட்டும் அழைப்பு, அதன் கீழே என் ஹேண்ட்லர், அதற்கும் கீழே "சிக்னல் ஹேண்ட்லர் கால்டு" என்ற வரி, அதன் அடியில் எஃப்சிங்க் அழைப்பிலிருந்து இன்னும் திரும்பாமல் நிற்கும் என் எழுதும் ஃபங்ஷன். வேறொரு திரெட்டுக்கு சிக்னலைத் திருப்பிவிட்டால் போதுமா?

ஆற்காட்டார்:
ஹேண்ட்லரே வேண்டாம், தம்பி. ஹேண்ட்லர் எது என்பது புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) முழுமைக்கும் பொது. எந்தெந்த சிக்னல்களைத் தடுப்பது என்ற பட்டியலான மாஸ்க் மட்டுமே திரெட்டுக்குத் திரெட் வேறுபடும். புரோசஸுக்கு வரும் சிக்னலை, அதைத் தடுக்காத எந்தத் திரெட்டுக்கும் கொடுக்கலாம் என்கிறது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலை. லினக்ஸ் முதலில் பிரதான திரெட்டையே நாடும் என்றாலும் அதை நம்பி நிரல் எழுதலாகாது.

ஆகவே, மெயினின் தொடக்கத்தில், முதல் திரெட் பிறக்கும் முன்பே, பிதிரெட்_சிக்மாஸ்க் கொண்டு சிக்டெர்மையும் சிக்இன்ட்டையும் (கண்ட்ரோல்-சி அழுத்தினால் வரும் சிக்னல்) தடுத்துவிடுங்கள். பின்னர் பிறக்கும் திரெட்டுகள் அந்த மாஸ்க்கைப் பெற்றுக்கொள்ளும். தடுக்கப்பட்ட சிக்னல் வரும்வரை காத்திருந்து அதைப் பெற்றுத் தரும் சிக்வெயிட்டில் காத்திருப்பதற்கென்றே ஒரு திரெட்டை வையுங்கள். சிக்வெயிட் திரும்பியபின் அது சாதாரணத் திரெட்தான். மியூடெக்ஸைப் பூட்டலாம், பிரிண்ட்எஃப் எழுதலாம். தவறான நினைவக அணுகலால் எழும் சிக்செக்வி போன்றவற்றைத் தடுக்காதீர்கள். பிழை செய்த திரெட்டுக்கே அவை போய்ச் சேரும்.

மீட்டரிலிருந்து ரீட் செய்து காத்திருக்கும் திரெட்டுகள் இதனால் தாமாக விழித்துக்கொள்ளமாட்டா. அவற்றை போலில் (பல உள்ளீடுகளில் எதில் தரவு வந்தாலும் விழிக்கும் அழைப்பு) மீட்டருக்கும் ஒரு பைப்புக்கும் சேர்த்துக் காக்கவைத்து, நிறுத்தும் நேரத்தில் அந்தப் பைப்பில் ஒரு பைட் எழுதி எழுப்புங்கள். அந்த பைட்டை யாரும் படித்துத் தீர்க்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் நான்கும் விழிக்கும்.

வாலாஜா வாசகர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபோர்க் (சேய் புரோசஸை உருவாக்குவது), எக்செக் (அதில் வேறு நிரலை ஏற்றுவது) இரண்டையும் தாண்டி மாஸ்க் கூடவே செல்லும். பழைய கோப்புகளைச் சுருக்க ஜிஜிப் நிரலை இயக்குகிறீர்கள் என்றால், எக்செக்குக்கு முன் தடையை நீக்கிவிடுங்கள். இல்லையேல் அந்தச் சேய் புரோசஸ் சிக்டெர்முக்குச் செவிசாய்க்காது. நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாளைச் செலவிட்டிருக்கிறேன்.

காட்பாடி நிரலர்:
மாற்றி எழுதி, அதே எஸ்டி கார்டில் 200 முறை நிறுத்திப் பார்த்தேன், ஒருமுறையும் உறையவில்லை. ஜிஜிப்பையும் இயக்குகிறேன், ஐயா; அதை இன்று மாலை திருத்திவிடுகிறேன்.