சுவர்க்கோழித் தொல்லைக்கு மருந்தடிக்காமல் வழி இருக்கிறதா?

அண்ணன்மார், அக்காமார் யாராவது வழி சொல்லுங்கள். நாங்கள் இருப்பது பினாங்கு ஆயர் ஈத்தாமில், மலையடிவாரத்துப் பக்கம் தரை வீடு, பின்னால் புதரும் கால்வாயும். மழை விட்டு இருட்டினால் போதும், சுவர்க்கோழிகள் உள்ளே வந்துவிடுகின்றன. ஆண் பூச்சி மட்டும்தான் இறக்கையை உரசிக் கத்தும், சரி, ஆனால் சமையலறையில் அது ஒன்று இருந்தாலே வீடு தூங்காது. விளக்கைப் போட்டுக் கிட்டே போனால் சத்தம் நின்றுவிடும், வந்து படுத்தால் மறுபடி ஆரம்பம்.

வாசலில் வெள்ளை விளக்கை எடுத்து மஞ்சள் போட்டதில் ஈசலும் வண்டும் நன்றாகவே குறைந்தன. இது குறையவில்லை. பின்கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி, அங்கேதான் சந்தேகம். ஹார்ட்வேர் கடையில் பிரஷ் வைத்த பட்டையும் இருக்கிறது, ரப்பர் பட்டையும் இருக்கிறது, தரை மேடுபள்ளமாக இருந்தால் எது சரியாக அடைக்கும்? குளியலறையில் தண்ணீர் போகும் துளைக்கு வலை போட்டவர்கள் உண்டா, முடி அடைத்துக்கொள்ளாதா?

பசை அட்டை வேண்டாம், பல்லிதான் மாட்டித் துடிக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. மருந்தும் வேண்டாம், தவழும் பிள்ளை இருக்கிறது, கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள் போகும். அப்புறம், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் புதரை வெட்டச் சொல்லி மாநகர் மன்றத்தில் யாராவது கேட்டிருக்கிறீர்களா?